என் பெயரில் ஒரு குளவி இருந்தது

ஒன்பது வருடம் இருந்தது.
பேயஸ் ஹில்க்கே.
ஹில்க்கா என்றால் நான்தான்,
சுவோமுஸ்ஸல்மியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

ரௌனி தெர்வோனென்
ஔலு அருங்காட்சியகத்திலிருந்து வந்தாள்.
என் விறகுக் கொட்டகைக்குப் பின்னால்
சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் கிண்ணங்களைப்
பாசிக்குள் பதித்துவிட்டு
நாய் குடிக்காமல் பார்த்துக்கொள் என்றாள்.
நாய் குடித்தது.
மிஞ்சிய ஒரு கிண்ணத்தில் மிதந்தது அது.

நான் பார்த்தது தூசி.
அவள் பார்த்தது ஆண்,
சிறகு உண்டு,
உணர்கொம்பில் மணிமணியாய்க் கணுக்கள்,
நெற்றியில் மீன்செதில் போல வரிகள்,
எந்த ஏட்டிலும் இல்லாத வரிகள்.
அட்டை நுனியில் பொட்டுப் பசை வைத்து
அதன்மேல் அதை ஒட்டி
கீழே சிவப்புச் சீட்டில் எழுதினாள்,
என் கொட்டகை, என் பெயர், தேதி.

இது என்ன செய்யும் என்று கேட்டேன்.
சிலந்தியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும்.
ஒரு முட்டைக்கு ஒன்று.
உள்ளிருப்பதைத் தின்று தீர்த்து
அதே ஓட்டைத் துளைத்து வெளியே வரும்.

என் பெயரை
நல்ல பூச்சி எதற்காவது வைத்திருக்கலாம் என்றேன்.
நல்ல பூச்சிகள் தீர்ந்துவிட்டன என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பெருமைதான்.
வங்கியில் கடன் மறுத்த அன்று
சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.

போன இலையுதிர் காலத்தில்
பேருந்தின் வலப்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு சிலந்தி பஞ்சுருண்டை கட்டியிருந்தது.
எண்பது கிலோமீட்டர் வேகத்திலும்
அது அசையவில்லை.
முன்சீட்டு வில்யாவுக்கு ஏழு வயது.
உள்ளே எத்தனை குட்டி என்று தினமும் கேட்டாள்.
வசந்தத்தில் எண்ணலாம் என்றேன்.

மார்ச்சில் அதைப் பெயர்த்து
ஜாம் பாட்டிலில் இட்டுத் துணி கட்டினேன்.
மே மாதம் வெளியே வந்தது
பொடித்த மிளகு.
சில பறந்தன.
மற்றவை உருண்டன.
குட்டி எங்கே என்றாள் வில்யா.
தின்றுவிட்டார்கள் என்றேன்.
வேறு எப்படிச் சொல்வது?
அன்று முழுக்க அவள் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள்.

பாட்டிலை ஔலுவுக்கு அனுப்பினேன்.
மூன்று வாரம் பதில் இல்லை.
பிறகு ரௌனியே வந்தாள்,
இரண்டரை மணி நேரம் காரோட்டி,
தொலைபேசியில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல.
அவளுடைய காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

உருண்டவை பெண்கள், என்றாள்.
சிறகு கிடையாது, இடுப்பு கிடையாது,
பட்டைத் துளைத்து நுழைய
உடம்பே ஒரு குண்டுமணி.
அந்தப் பெண்ணுக்கு முன்பே பெயர் உண்டு.
நூற்றைம்பது வருடத்துக்கு முன்
ஏதோ தீவில் ஒரு பாதிரியார் வைத்தது.
அவர் பெண்ணை மட்டும் பார்த்தார்,
நான் ஆணை மட்டும் பார்த்தேன்.
உன் பாட்டிலில்
இரண்டும் ஒரே பையிலிருந்து வந்திருக்கின்றன.
ஓர் இனத்துக்கு ஒரு பெயர்.
முந்தியது நிற்கும்.

அப்போ நான்?

நீ மூழ்குவாய்.
அப்படித்தான் நாங்கள் சொல்வோம்.

எவ்வளவு ஆழத்தில்?

பட்டியலில், பாதிரியாரின் பெயருக்கு அடியில்,
சின்ன எழுத்தில்.
அழிக்கமாட்டோம்.
ஆனால் இந்தப் பேரினத்தில் வேறெதற்கும்
இனி அந்தப் பெயரை வைக்கவும் முடியாது.

பேசாமல் இருந்திருக்கலாமே நீ.

பாட்டிலை அனுப்பியது யார்?

சிரிப்பு வந்தது,
முதலில் எனக்கு, கொஞ்சம் தள்ளி அவளுக்கு.
தவறு அவளுடையது என்று
அவளே எழுதி அச்சிலேற்ற வேண்டுமாம்.
அந்தக் கட்டுரையின் கடைசியில்
எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

இந்த வாரம் வண்டிப் பரிசோதகர் வந்து
தாளில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்:
வலப்பக்கக் கண்ணாடி, பின்புறம்,
நூலாம்படை. அகற்றவும்.
ஓட்டுநர் ஹில்க்கா.

எழுத்துப் பிழை இல்லை.
நான் இன்னும் அகற்றவில்லை.